பத்து மணி மாத்திரை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகத்தான் தொடங்கியது. அதை எழுதியவன் நான். அதன் ஏழாவது வரி இது: 'புற்றுநோயின் வலியைப் பொறுமையுடன் தாங்கிக்கொள்ளப் பழகுங்கள்.'

ஒரகடத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குத் தமிழில் எச்சரிக்கைப் பலகைகளும் இயந்திரக் கையேடுகளும் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. 'இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்' என்பது மாதிரி. ஒரு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவு என்னிடம் நான்கு பக்கம் கேட்டது. புற்றுநோய் வலியை நோயாளிகள் தாங்களே கவனித்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும், எளிய தமிழில் வேண்டும் என்றார்கள். படப்பையில் என் வீட்டில், மின்விசிறிக்கு அடியில், உடம்பில் ஓர் இடமும் வலிக்காமல் உட்கார்ந்து ஒரே பிற்பகலில் எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஏழாவது வரி சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், 'யார் தாங்கணும்? நீங்களா?' என்று எழுதிக் கீழே ஸ்ரீமதி, செவிலியர் என்று கையெழுத்து.

சண்டை போடத்தான் போன் செய்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. நாளைக் காலை சேரப்பணஞ்சேரியில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன், வந்தால் கூட்டிப்போகிறேன் என்றார்.

(இங்கே 'அந்தப் பயணம் என் வாழ்க்கையையே' என்று ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. என் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் அங்கே நாங்கள் பார்க்கப்போன ஏலவார்குழலிக்கு.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வானம் கறுத்திருந்தது. ஏலவார்குழலியின் உடலுக்குள்ளும்—'

அடித்துவிட்டேன். மே மாதம் அது. வானம் வெளுத்துக் கண்ணைக் கூசவைத்தது.

இரண்டாம் முயற்சி: 'வரதராஜுலு ஒரு கொடியவன்.'

வரதராஜுலு குழலியின் கணவர். இதை எழுதும்போது எனக்குப் பெரிய திருப்தி. விறுவிறுவென்று இரண்டு பக்கம் வளர்ந்தது. அவர்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. குழலியிடம் படித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அவரு அப்பிடி ஆளு இல்ல சார்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குன்னு நல்லவருன்னும் எழுதிடாதீங்க."

அந்த இரண்டு பக்கங்களும் போயின. கோபம் போகவில்லை. அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல்தான் மூன்றாவது தடவையாக, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லத் தொடங்குகிறேன்.

3

ஏலவார்குழலிக்கு நாற்பத்தாறு வயது. காஞ்சிபுரத்து அம்மன் பெயரை அப்பா ஆசையாக வைத்தார். கம்பெனிக் கணினியில் அந்தப் பெயருக்கு இடம் போதவில்லை. அடையாள அட்டையில் 'ஏலவார்கு' என்று பாதியில் நின்றது. அந்தப் பாதிப் பெயரோடு, கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் உற்பத்தி லைனில் நின்றாள். நின்றபடியேதான் வேலை. ஒரே மகள், கட்டிக்கொடுத்து வாலாஜாபாத்தில் இருக்கிறாள்.

இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது. திரும்ப லைனுக்கே போனாள். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு இடுப்பில் ஒரு வலி.

கம்பெனியின் முதலுதவி அறையில் தைலம் கொடுத்தார்கள். நின்றுகொண்டே வேலை பார்த்தால் இடுப்பு வலி இருக்கத்தான் செய்யும் என்றார்கள். எலும்பு வைத்தியர் பெல்ட் கொடுத்தார். கட்டிக்கொண்டாள். மார்பில் புற்றுநோய் இருந்த பெண்ணுக்கு இடுப்பு எலும்பில் வலி என்றால் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமே என்று அந்த அறைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் எடுத்த படத்தில் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். வேலையை விட்டாள்.

அப்போது பார்த்த பெரிய டாக்டரிடம், வலி தாங்க முடியவில்லை என்று வாழ்நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். கேன்சர் என்றால் வலி இருக்கத்தானம்மா செய்யும் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: 'இருக்கத்தான் செய்யும்.' இதுவரை இரண்டு முறை வந்துவிட்டது, இந்தப் பக்கத்திலேயே. திருத்தி எழுதும்போது ஒன்றை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள், நீங்களும் கேளுங்கள். சொன்ன யாருக்கும் அன்றைக்கு இடுப்பு வலிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள். நின்று சமைக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்தபடியே காய் நறுக்கினாள். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்றாள்.

4

நாங்கள் போனபோது வரதராஜுலு செக்யூரிட்டி சீருடையில் வாசலில் நின்றிருந்தார். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேட்டில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. நர்ஸ் வருகிறார் என்று, கொஞ்சம் தாமதமாக வருவதாக அங்கே சொல்லி வைத்திருந்தார்.

ஸ்ரீமதி குழலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்குமேல் வலியே கிடையாது என்றால் பத்து, இப்போது எவ்வளவு என்று கேட்டார்.

"நாலு," என்றாள் குழலி.

ஸ்ரீமதி வரதராஜுலுவிடம், நீங்கள் டியூட்டிக்குக் கிளம்புங்கள் அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"ஒம்போது."

"அப்புறம் ஏங்க்கா நாலுன்னீங்க?"

"அவரு பயந்துக்குவாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஏழாவது வரி சட்டைப் பையில் மடித்திருந்தது.

ஸ்ரீமதி மார்ஃபின் மாத்திரைப் பட்டையை அவள் கையிலேயே கொடுத்துச் சொல்லித்தந்தார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறுக்கு ஒவ்வொன்று. படுக்கப்போகும்போது பத்துக்கு இரண்டு. மலம் இறுகும், அதற்கான மருந்தையும் மறக்காமல் தினமும் போட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக வரும், குமட்டும், பிறகு சரியாகிவிடும். நடுவில் வலி எகிறினால் கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டு, நோட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுத வேண்டும். சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் இதற்கு அடிமையாகிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

குழலிக்கு எல்லாம் புரிந்தது, ஒன்றைத் தவிர. வலிக்காதபோது எதற்கு மாத்திரை? ஸ்ரீமதி மூன்று விதமாக விளக்கிப் பார்த்தார். குழலி உதட்டைச் சுழித்துக்கொண்டு யோசித்தாள். சட்டென்று முகம் தெளிந்தது.

"ஆறு, ரெண்டு, பத்து. ஷிஃப்ட் டைமு. லைனு நின்னுட்டாப் பெறகு ஓட்றது கஷ்டம், சரக்கு குமிஞ்சிபூடும். நிக்கவே வுடக் கூடாது. அதானே சிஸ்டர்?"

ஸ்ரீமதி அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். இருபது வருடமாகக் கையேடு எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

ஐந்தாம் நாள் குழலி ரேஷன் கடைக்குத் தானே நடந்துபோய், எடையில் குறைத்தவனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு நோட்டில் எண்: இரண்டு.

5

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். மருந்து இருக்கிறது, தெரிந்துகொண்டாயிற்று, வேலை செய்கிறது. வேறென்ன வேண்டும்?

படப்பையில் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் வரதராஜுலு காலிப் பட்டையைக் காட்டினார். இது போதை மருந்தாயிற்றே, இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கிறீர்களா என்று அவர் கையை உதறினார். வல்லக்கோட்டையிலிருந்து வந்த வரதராஜுலுவின் அக்கா தன் பங்குக்குக் காதோடு ஏதோ சொன்னார். வரதராஜுலுவின் தம்பி குடித்துக் குடித்தே செத்தவன். அந்தத் தம்பியின் பாட்டில்களை ஒளித்து ஒளித்து வைத்தவர் இவர்தான்.

பன்னிரண்டாம் நாள் மாத்திரைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நடுவில், தான் வீட்டில் இருக்கும்போது அவளுக்கு ரொம்ப முடியவில்லை என்றால் எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

ரொம்ப முடியவில்லை என்று யார் முடிவு செய்வது? அவர். எதைப் பார்த்து? அவள் முகத்தைப் பார்த்து.

வாழ்க்கை முழுவதும் வலியை மறைத்துப் பழகியவள், இனி ஒரு மாத்திரைக்காக வலியைக் காட்டிப் பழக வேண்டும். போதுமான அளவு முனகவில்லை என்றால் மாத்திரை கிடையாது.

(இதை எழுதும்போது வரதராஜுலுவைத் திட்டி அரைப் பக்கம் எழுதினேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். தைலம் கொடுத்த முதலுதவி அறை, பெல்ட் கொடுத்தவர், அடுத்த பெயரைக் கூப்பிட்டவர், கையை உதறிய கடைக்காரர், 'பொறுமையுடன்' என்று எழுதிய நான். எல்லாருமே பூட்டியவர்கள்தான். பீரோ வைத்திருந்தவர் அவர் ஒருவர், அதனால் அவர் மட்டும் கண்ணில் படுகிறார். அரைப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

6

அது புதன்கிழமை. ஆறு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வரதராஜுலு ஏழுக்குக் கிளம்பிப் போனார். பத்து மணிக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கு நோட்டில் எட்டு என்று எழுதினாள். ஸ்ரீமதிக்குப் போன் செய்தாள். அவர் வேறு ஊரில் ஒரு நோயாளியின் வீட்டில் இருந்தார்; சாயங்காலம் நேரே வருகிறேன், அதற்குள் அண்ணனிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். ஆனால் டியூட்டியில் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வரதராஜுலுவின் போன் லாக்கரில் கிடந்து அடித்து ஓய்ந்தது.

குழலி புடவையை மாற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ ஏறினாள். உள்ளே எட்டுப் பேர். ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் ஏறி இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண், இன்னாக்கா பண்ணுது என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்த குழலி, "வலிக்குது," என்றாள்.

இரண்டு மணி ஷிஃப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. கேட்டில் அவளைப் பார்த்ததும் வரதராஜுலுவுக்கு முகம் செத்துவிட்டது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"இங்க இன்னாத்துக்கு வந்த?"

"சாவியக் குடு."

"வூட்டுக்குப் போ. சாயந்திரம் வந்து எடுத்துத் தரேன்."

"அது பத்து மணி மாத்திரை. இப்ப மணி ரெண்டு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஸ்ரீதர் வந்து, வீட்டு விஷயத்தையெல்லாம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குழலியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. மஞ்சளும் கறுப்பும் அடித்த நடைபாதைக் கல்லில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஷிஃப்ட் முடித்து வந்த பெண்களில் இரண்டு பேர் முன்பு அவளோடு ஒயர் கம்பெனி லைனில் நின்றவர்கள், இப்போது இங்கே வேலை. ஏலாக்கா, ஏலாக்கா என்று வந்து சூழ்ந்தார்கள். கும்பல் சேர்ந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினாள் என்றுதான் முதல் பிரதியில் எழுதியிருந்தேன்; கத்துவதற்குத் தெம்பு எங்கே இருந்தது என்று அவளே கேட்டாள்.

"வலி என்து. எனக்குத்தான் எழுதிக் குடுத்தாங்க. நான் அழுதா எடுத்துத் தருவேன்ற. ஒரு புள்ள பெத்தேன், மார அறுத்தாங்க, ஒரு நாளாவது உன் எதிர்ல அழுதிருப்பேனா? இப்ப மாத்திரைக்கோசரம் மூஞ்சிய சுளிச்சி நடிக்கணுமா? அது இன்னா நாயம்?"

வரதராஜுலு தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கடைசியாக் குடுக்கிற மாத்திரைன்னு அக்கா சொல்லிச்சி," என்றார். "குடுத்தா ஆள் அவ்ளோதான்னு. அத்த என் கையாலயே எடுத்துக் குடுக்கச் சொல்றியா?"

அவளுக்கு அது தெரியாது. அத்தனை நாளும் அவர் சொல்லவே இல்லை. போதைக்குப் பயந்து பூட்டியதாகத்தான் நினைத்திருந்தாள். மனசு இளகியது, கோபம் அப்படியே இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் சார், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

"கடைசின்னே வெச்சுக்கோ," என்றாள். "அதுவரைக்கும் வலிச்சிக்கினே கெடக்கணுமா நானு?"

அவர் சீருடைச் சட்டையைத் தூக்கினார். அத்தனை பேருக்கு முன்னால், தொப்பை தெரிய, அரைஞாண் கயிற்றில் முடிச்சைத் தேடினார். வியர்வையில் முடிச்சு இறுகியிருந்தது. அவிழவில்லை. ஸ்ரீதரிடம் பார்சல் பிரிக்கிற கத்தி இருந்தது. அதை எடுத்தவர் தயங்கினார். உயிரோடு இருக்கிற ஆம்பளையின் அரைஞாணை அறுக்கக் கூடாது என்று பின்னாலிருந்து ஒரு பெண் பதறினாள்.

"அறுங்க சார்," என்றார் வரதராஜுலு.

7

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

(அ) வரதராஜுலு அவள் காலில் விழுகிறார். விழவில்லை. அடுத்த ஷிஃப்ட் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பை சோதிக்கப் போய்விட்டார்.

(ஆ) அவள் குணமாகிறாள். எனக்கும் ஆசைதான். மார்ஃபின் வலிக்கு மருந்து, புற்றுநோய்க்கு அல்ல.

(இ) அவள் இறக்கிறாள். பாதி காலியான பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுகிறார், நாமும்—

இந்த வாக்கியத்தை முடிக்க மறுக்கிறேன். நோயாளி செத்தால்தான் கதை முடியும் என்று யார் சட்டம் போட்டது? நீங்கள் அதைத்தான் எதிர்பார்த்து இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றால், உங்கள்மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நடந்தது இவ்வளவுதான். பழைய லைன் பெண்கள் அவளை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று மணிக்கு மாத்திரை. நான்கரைக்கு நோட்டில் ஆறு என்று எழுதினாள். அடுத்த வேளை போட்டபின் ஏழு மணிக்கு மூன்று. மறுநாள் காலை வரதராஜுலு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஐந்து நேரங்களையும் எழுதிச் சுவரில் ஒட்டினார். மாத்திரையை இன்றுவரை அவர் கையால் தொடுவதில்லை. அந்தப் புதன்கிழமையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை.

அன்று சாயங்காலமே வந்த ஸ்ரீமதி நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். தப்பு தன்மேல்தான் என்றார். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு அக்காவுக்கு மட்டும் சொல்லித்தந்தேனே, அவருக்கு யார் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லையே என்றார். இந்தக் கதையில் வருகிற மருத்துவ உலகத்து ஆட்களில், தப்பு என்மேல் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

(துண்டுப் பிரசுரம் அச்சாகிவிட்டது. ஏழாவது வரியில் குழலியின் லைன் உதாரணத்தைப் போட்டேன். மேலே இருந்தவர்கள் அது கொச்சையாக இருக்கிறது என்றார்கள். 'வலியில்லாமல் இருப்பது உங்கள் உரிமை' என்ற வரியில் உரிமை என்ற சொல் உறுத்துகிறது என்றார்கள். 'பொறுமை' திரும்பி வந்துவிட்டது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அந்த நான்கு பக்கத்தில் இடம் கிடைக்காததைத்தான் இங்கே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

8

இப்போது சனிக்கிழமைதோறும் மருத்துவமனையின் பின்பக்க அறையில் ஸ்ரீமதி வகுப்பு எடுக்கிறார். நோயாளியோடு வீட்டில் ஒருவரும் வர வேண்டும். குழலியையும் பேசக் கூப்பிடுகிறார். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, எந்த நேரத்துக்கு எதைப் போட வேண்டும், கூடுதல் மாத்திரையை எப்போது போட்டால் தப்பில்லை, வயிறு இறுகினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். டாக்டர் கேட்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போகாதீர்கள், உட்கார்ந்தே இருங்கள் என்றும் சொல்கிறாள். அது வகுப்புக் குறிப்பில் கிடையாது.

போன சனிக்கிழமை நானும் பின்வரிசையில் இருந்தேன். வகுப்பு முடிகிற நேரத்தில் சுபாஷ் என்ற இளைஞன் எழுந்தான். வேலை முடிந்து நேராக வந்திருந்தான். கம்பெனிச் சட்டையில் கிரீஸ் கறை. அவனுடைய அம்மா முனியம்மாளுக்குக் கருப்பைவாயில் புற்று. உள்ளே வர மாட்டேன் என்று சொல்லி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கதவு வழியாக அவர் தெரிந்தார். இரண்டு கைகளாலும் பெஞ்சின் விளிம்பை அழுத்திப் பிடித்து, உடம்பின் பாரத்தைப் பலகையில் படாமல் தூக்கிவைத்திருந்தார். யாராவது பார்த்தால் சிரித்தார்.

"எங்கம்மா எதுவுமே கேக்க மாட்டாங்கக்கா," என்றான் சுபாஷ். "வலிக்குதான்னு டெய்லி கேக்கறேன். இல்லடான்றாங்க. அப்ப இல்லன்னுதானே நான் எடுத்துக்கணும்?"

குழலி பதில் சொன்னாள். அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்திருக்கிறேன். இங்கே தரப்போவதில்லை. தந்தால், நன்றாகச் சொன்னாள் என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

ஆகவே அவள் வாயைத் திறப்பதற்கு முந்தைய நொடியில் நிறுத்திக்கொள்கிறேன். சுபாஷ் நின்றுகொண்டிருக்கிறான். முனியம்மாள் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவன் உங்களைத்தான் கேட்கிறான்.